சொரசொரப் பக்கம் உள்ளே

ஜூன் 9

லாரி வந்தது. ஆறு பெட்டிகளில் ஒன்று உள்ளேயே நொறுங்கியிருந்தது. டிரைவர், "ஏத்தும்போதே சலசலன்னு சத்தம் வந்துச்சும்மா" என்றான். "சத்தத்தைக் கேட்டுக்கிட்டே ஏத்தினியா? கச்சேரின்னு நெனச்சியா?" என்றேன். சிரித்தான். அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள், கழுத்தில் கேமராவோடு. "இந்தக் கடை மாடியில பெரிய எழுத்தாளர் ஒருத்தர் இருக்காராமே?"

"மாடியில கண்ணாடிதான் இருக்கு. ஏறினா காலைக் கிழிக்கும். பரவாயில்லன்னா போங்க."

போய்விட்டார்கள். இருபது வருடமாக இதே கேள்வி, இதே பதில். எனக்கே சில நாள் மாடியில் கண்ணாடிதான் இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது.

அண்ணனிடம் சொன்னேன். டீயை வாங்கிக்கொண்டு, "உன் புண்ணியத்துல இன்னொரு நாள்" என்றார். கூடப் பிறந்தவர் இல்லை. பதினைந்து வயதில் நான் கண்ணாடி டெப்போவில் பெட்டிக்குள் வைக்கோல் திணித்துக்கொண்டிருந்தபோது அவர் அங்கே குமாஸ்தா. பிறகு வேலையை விட்டார், ஒரே ஒரு நாவல் எழுதினார். அதைப் படிக்காமல் இந்த மொழியில் எவனும் பதினாறு வயதைத் தாண்டுவதில்லை என்கிறார்கள். பள்ளியில் பாடம் வேறு. சிலருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது, இவருக்குப் புகழ் ஒத்துக்கொள்ளவில்லை. ஒளிய இடம் தேடி வந்தார். நான் அதற்குள் சொந்தக் கடை போட்டிருந்தேன். மாடியைக் கொடுத்தேன், ஜன்னலுக்கெல்லாம் மங்கல் கண்ணாடி நானே போட்டுக் கொடுத்தேன்.

நாவலை நான் படித்ததில்லை. "நீ படிக்காதேம்மா, அது பசங்க சமாச்சாரம்" என்று அன்றே சொல்லிவிட்டார். தன்னடக்கம் என்று நினைத்தேன். எனக்கும் நேரமில்லை.

கடைக்குப் பின்னாலேயே வீடு. சாப்பிடும்போது மகள் தட்டை நகர்த்தி, "போதும்மா" என்றாள். நான் கரண்டியையே எடுக்கவில்லை. ஃபோனைப் பார்த்து ஒரு சிரிப்பு. அவள் அப்பா போய்ச் சேர்ந்தபின் இந்த வீட்டில் இரண்டே பேர். அதில் ஒருத்திக்கு ஃபோனோடுதான் பேச்சு.

ஜூன் 12

குளியலறைக்குப் பால் கண்ணாடி கேட்டு ஒரு புதுக் கல்யாண ஜோடி. பேரம் பேசத் தெரியவில்லை. பாவம் பார்த்து நானே குறைத்தேன். வயசாகிறதோ?

ஜூன் 16

மகளுக்குப் பள்ளியில் விவாதம். நாற்பது வருடத்துக்கு முன் எழுதிய அந்த நாவல் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொருந்துமா, பொருந்தாதா. இவளுக்குப் "பொருந்தாது" கட்சி.

"அதுல ஒரு ஃபோன்கூட இல்லம்மா!"

"எங்க காலத்துல பசி இருந்துச்சு. ஃபோன் இல்ல."

"ஆரம்பிச்சிட்டியா?"

எழுதியவர் தலைக்கு மேலே செருப்புச் சத்தத்தோடு நடந்துகொண்டிருக்கிறார். இவளுக்குத் தெரியாது. இவளுக்கு அவர் மாடி மாமா, ரிட்டயர் ஆன குமாஸ்தா. ஒருநாள்கூட வாய் தவறியதில்லை நான். வாக்கு என்றால் வாக்கு. கடை நடப்பதே அதில்தான்.

ஜூன் 19

எப்படி எழுத?

மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கடைக்கே வந்தாள். "கேக்க ஒரு ஆள் வேணும், சும்மா இரு, பேசாத" என்றாள். நான் ஜன்னல் கொண்டிகளை டஜன் டஜனாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். கையை ஆட்டி ஆட்டி வாசித்தாள்.

ஒரு பையன். பீங்கான் குடோனில் வேலை, தூக்கம் அங்கேயே வைக்கோலில். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் ஒரு வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பான். ஜன்னலில் விளக்கு. உள்ளே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், காலியாக ஒரு நாற்காலி. அது தன்னுடையது என்று வைத்துக்கொள்வான். அந்த அம்மா கரண்டியோடு ஏதோ கேட்பது தெரியும், சத்தம் கேட்காது. தெருவில் நின்றபடி வாய்க்குள்ளேயே இவன் பதில் சொல்வான். "போதும்மா."

கொண்டி கையிலேயே இருந்தது.

"இப்ப புரியுதா? எங்க ஸ்கூல் முழுக்க இதான் இப்ப. யார் எதைக் குடுத்தாலும் 'போதும்மா'. மூஞ்சிய அழற மாதிரி வச்சுக்கணும்." வைத்துக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கெங்க புரியும்! நீ பொறக்கும்போதே கல்லாவுல உக்காந்து பொறந்தவ" என்றாள்.

அந்த ஜன்னலைப் பத்தி யார்கிட்டயும் சொன்னதில்ல. கட்டினவர்கிட்டகூட இல்ல. பெத்த பொண்ணுகிட்ட இல்ல. டெப்போவுல ஒரு நாள் காய்ச்சல்ல கிடந்தப்ப, பக்கத்துல உக்காந்து தண்ணி குடுத்த ஒரே ஒரு ஆள்கிட்ட சொன்னேன். அண்ணேன்னு கூப்பிட்டு, யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கெஞ்சிச் சொன்னேன்.

"சத்தியமா சொல்லமாட்டேன்" என்றார்.

சொல்லவில்லைதான். அச்சடித்துவிட்டார்.

ஜூன் 20

கடை திறந்தேன். ஒன்றையும் உடைக்கவில்லை. கண்ணாடிக் கடையில் அது பெரிய விஷயம்.

ஜூன் 22

ஞாயிறு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு முழுதையும் படித்து முடித்தேன். கண்ணாடியைப் பீங்கானாக மாற்றியிருக்கிறார். ஊரை மாற்றியிருக்கிறார். என்னை ஆணாக்கியிருக்கிறார். மற்றதெல்லாம் நான். கட்டைவிரல் வெட்டு நான். "எங்க அண்ணன் கூட்டிட்டுப் போக வருவான்" என்று எல்லாரிடமும் அளந்த பொய் நான். வைக்கோல் குத்தாமலிருக்க பெட்டித் தாளைச் சுற்றிப் படுத்தது நான்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். அதுதான் இன்னும் எரிகிறது. நாலு இடத்தில் அழுதேன். என்னையே பார்த்து நானே! சரக்கைப் பறிகொடுத்தவள், திருடன் கடையில் போய் "எவ்வளவு அழகான சரக்கு!" என்று வியந்த கதை.

மகளுடைய வழிகாட்டி நூலையும் புரட்டினேன். "ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சிறுவனின் மனநிலையை விளக்குக. ஐந்து மதிப்பெண்." விடையும் கீழேயே: "சிறுவன் பொறாமையுற்றான்." பொறாமையாம். என் பசிக்கு ஐந்து மார்க், அதுவும் தப்பான விடைக்கு.

ஜூன் 24

மாடிக்குப் போனேன். டீ கொண்டுபோகவில்லை. வெறுங்கையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"படிச்சிட்டியா?"

"படிச்சேன்."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

முதல் கேள்வியே அது! இப்படி ஆகிவிட்டதே என்று ஒரு வார்த்தை இல்லை. தன் வாசல் பூட்டியிருக்கிறதா என்றுதான் பார்த்தார்.

"உங்களைப் பத்தியா, என்னைப் பத்தியா?" என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டார். "உன் பேரைப் போடலம்மா. பையனா மாத்திட்டேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுதே அண்ணே. பேரை மட்டும் எடுத்து வச்சிட்டு மிச்சத்தை வித்திருக்கீங்க. மூட்டைமேல இருக்கற முத்திரையைக் கிழிச்சிட்டா சரக்கு உங்களுதாயிடுமா?"

"எனக்குன்னு ஒரு கதை இல்ல. பாத்தேன், பாத்தேன், ஒண்ணுமே இல்ல. உன் கதைதான் இருந்துச்சு." பிறகு, "ஏன் ஒளிஞ்சிருக்கேன்னு நெனச்ச? வர்றவன் எல்லாம் ஒரே கேள்விதான். அந்தப் பையன் நீங்கதானேன்னு கேக்கறான். ஆமான்னா பொய். இல்லன்னா, பின்ன யாருன்னு கேப்பான்."

அப்படியா சங்கதி. பால் ஒத்துக்கொள்ளாத வயிறு இல்லை இது. திருட்டுச் சரக்கை வைத்திருப்பவன் கதவைத் திறக்கமாட்டான், அவ்வளவுதான். இருபது வருடம் அந்த வாசலில் காவல் நின்றது யார்? பறிகொடுத்தவள். சம்பளம் இல்லாமல். டீயும் போட்டுக் கொடுத்து!

இறங்கும்போது, "தங்கச்சி" என்றார். திரும்பவில்லை. இனி அண்ணன் என்று எழுதப் போவதில்லை. மாடிக்காரர்.

ஜூன் 28

நேற்றைய காற்றில் மரக்கிளை விழுந்து மாடியில் தெருப்பக்க ஜன்னல் இரண்டு உடைந்தது. வாடகைக்கு விட்டவள் நான், போட்டுத்தான் ஆகவேண்டும். கடையில் கண்ணாடி வெட்டுகிற ஆள் வைரத்தை அனுப்பினேன். வைர முனை வெட்டும் கருவியை முத்தம் கொடுக்காத குறையாக வைத்திருப்பதால் எல்லாரும் அவனை வைரம் என்பார்கள்.

மங்கல் கண்ணாடிக்கு ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் சொரசொரப்பு. சொரசொரப் பக்கம் நனைந்தால் மங்கல் போய்விடும், உள்ளே இருப்பது அப்படியே தெரியும். அதனால்தான் ஜன்னலுக்குப் போடும்போது அந்தப் பக்கம் உள்ளே இருக்கவேண்டும். இது எங்கள் தொழிலில் அரிச்சுவடி.

"சொரசொரப் பக்கத்தை வெளிய வை" என்றேன்.

வைரம் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அக்கா, மழை பெஞ்சா தெருவுக்கே சினிமா."

"டிக்கெட் நீயா கிழிக்கப்போற? சொன்னதைச் செய்."

செய்தான். சின்னப் புத்தி என்று தெரிகிறது. தெரிந்துதான் செய்தேன். ஊருக்கே என் ஜன்னல் தெரிந்தது, இவருடையது ஒரு தெருவுக்குத் தெரியட்டும்.

ஜூலை 3

விவாதம் முடிந்தது. மகள் மேடையேறியதும் கட்சி மாறிவிட்டாளாம்! ஆசிரியை திட்டித் தீர்த்திருக்கிறார்.

"பொருந்தாதுன்னு சொல்லத்தான் போனேன். பாதியில வாய் வரலம்மா. அவன் ஒரு ஜன்னல் முன்னாடி நின்னான். நாங்க ஃபோனைத் திறந்தா ஆயிரம் ஜன்னல். அடுத்தவங்க வீட்டுல என்ன சாப்பிடறாங்க, யார் பக்கத்துல யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்துக்கிட்டே தனியா சாப்பிடறோம். அவனுக்காவது காலியா ஒரு நாற்காலி இருந்துச்சு. அப்படின்னு சொல்லிட்டேன்."

"கை தட்டினாங்களா?"

"'போதும்மா'ன்னு கத்தினாங்க." பிறகு, என்னிடம் இல்லாத மாதிரி, "அவன் மட்டும் எங்க வீட்டு எதிர்ல நின்னா உள்ள கூப்பிட்டிருப்பேன்" என்றாள்.

பாத்திரம் கழுவப் போனேன். கழுவ ஒன்றும் இருக்கவில்லை.

இன்று கடைக்கு ஒரு பத்திரிகைக்காரி வந்தாள். துப்பு சரியாகக் கிடைத்திருக்கிறது, நேராகவே கேட்டாள். மாடியில் கண்ணாடிதான் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. "மழை நாள்ல சாயங்காலமா வாங்க" என்றேன்.

ஜூலை 9

மழை.

விளக்கு வைக்கும் நேரத்தில் குடையோடு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். என் வேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கத்தான். வேறெதற்கு?

நன்றாக வந்திருந்தது. தண்ணீர் வழிய வழிய ஜன்னல் துலங்கியது. மேசை தெரிந்தது. மாடிக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தனியாக. முதுகு வளைந்து, தட்டுக்கு மிக அருகில் முகம். இடையில் நிறுத்தி ஏதோ சொன்னார். எதிரில் யாரும் இல்லை. வாய் அசைந்தது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

பழிவாங்கவென்று வந்தவளுக்குக் கால் நகரவில்லை. ஐம்பது தாண்டியவள், சொந்தக் கடைக்காரி, மறுபடியும் தெருவில் நின்று அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் குழியிலிருந்து ஏறி வந்தேனோ அதே குழி. இந்தத் தடவை வெட்டியது நான்.

பின்னால் செருப்புச் சத்தம். பத்திரிகைக்காரி. அண்ணாந்து பார்த்தாள், ஒரு நொடியில் கேமராவைத் தூக்கினாள். என் குடை தானாக அதன் முன்னால் போய் நின்றது.

"சாப்பிடற மனுஷனைப் படம் எடுக்காதீங்க."

"நீங்கதானே வரச் சொன்னீங்க?"

"சொன்னேன். வித்த சரக்கைத் திரும்ப வாங்கிக்கிறேன், போதுமா?"

கெட்டிக்காரி. "அப்ப அவர்தான்னு ஒத்துக்கறீங்க" என்றாள்.

யோசித்தேன். "சாப்பிட்டு முடிச்சதும் மணி அடிங்க. அவரே வந்து திறக்கட்டும், அவரே பதில் சொல்லட்டும். எடுக்கறதா இருந்தா கேட்டுட்டு எடுங்க. இனிமே நான் வாசல்ல நிக்கறதா இல்ல."

வந்துவிட்டேன். மணி அடித்தது கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு படியில் மாடிக்காரரின் செருப்புச் சத்தம், மெதுவாக, கீழே.

ஜூலை 10

இரண்டு ஜன்னலையும் கழற்றித் திருப்பிப் போடச் சொன்னேன். சொரசொரப் பக்கம் உள்ளே. வைரம் புலம்பினான். "உங்க மனசு மாறற வேகத்துக்கு ஜன்னல்ல பூசின மக்கு காயாதுக்கா."

மாடிக்காரர் கதவைத் திறந்துவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாராம். நானும் ஏறவில்லை. மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். தப்பாகப் போட்ட கண்ணாடியைச் சரியாகப் போட்டேன். அது தொழில்.

ஜூலை 13

பேப்பரில் வந்துவிட்டது. படம் இல்லை, கண்ணாடிக் கடை மாடி என்று இடம் மட்டும். நாலு கேள்வி, நாலு பதில். "அந்தப் பையன் நான் இல்லை. யார் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை" என்றிருக்கிறார். நாற்பது வருடம் கழித்து உரிமை ஞாபகம் வந்திருக்கிறது. பரவாயில்லை, வந்ததே.

மகள் பேப்பரோடு வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"மாடி மாமாவா? நம்ம மாடி மாமாவா? இத்தனை நாள் தெரிஞ்சும் எங்கிட்டயே மறைச்சியா? நான் உன் முன்னாடி நின்னு படிச்சுக் காட்டினேன், மண்ணு மாதிரி உக்காந்திருந்தே!"

"வாக்குக் குடுத்திருந்தேன்."

"எனக்கு என்ன குடுத்தே?"

யார் யாரிடமோ நான் கேட்கவேண்டிய கேள்வி, என்னிடமே வந்து நிற்கிறது.

"அந்தப் பையன் யாரு? உனக்குத் தெரியும். உனக்கு எல்லாம் தெரியும்."

"பையன் இல்ல" என்றேன்.

அதற்கு மேல் எதையும் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. கட்டைவிரலைக் காட்டினேன். அந்தத் தழும்பை அவள் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறாள். புத்தகத்தில் எந்தப் பக்கம் என்றும் அவளுக்குத் தெரியும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தவளிடம் எல்லாம் சொன்னேன். அவரிடம் சொல்லாத ஒன்றையும் சொன்னேன்.

"அவர் ஒரு இடத்துல தப்பா எழுதியிருக்கார். அவர் தப்பில்ல, நான் அப்படித்தான் சொன்னேன். வெக்கமா இருந்துச்சு. ஜன்னலுக்கு வெளிய நின்னு நான் 'போதும்மா'ன்னு ஒரு நாளும் சொன்னதில்ல."

"பின்ன?"

"'இன்னும் கொஞ்சம் போடும்மா'ன்னு கேட்டேன். ஒவ்வொரு தடவையும்."

எந்த வியாபாரியும் முழுச் சரக்கையும் வெளியில் வைக்கமாட்டான். பதினைந்து வயதிலேயே அந்தப் புத்தி இருந்திருக்கிறது. காய்ச்சலிலும் ஒன்றை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறேன். அது இன்றைக்குத்தான் வெளியே வந்தது.

அவள் எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம்கூட இல்லை.

ஜூலை 14

பேசவில்லை. நானும்.

ஜூலை 17

பெரிய ஆர்டர். பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஜன்னல் முழுவதும். மகிழ்ச்சியாக இருக்கவேண்டும்.

பள்ளியில் யாரிடமாவது சொல்லியிருப்பாளோ? எழுதியவரே தன் வீட்டு மாடி, கதையே தன் அம்மா. அவள் வயதில் யார் வாயைக் கட்டுவார்கள்? சொன்னால்தான் என்ன செய்யமுடியும்? ஏற்கெனவே விற்றுப்போனது.

ஜூலை 21

மாடிக்காரர் கடைக்கே இறங்கி வந்தார். பகலில், தெரு பார்க்க. இருபது வருடத்தில் முதல் தடவை. இரண்டு பையன்கள் இவர்தான் என்று ஊகித்துப் பின்னாலேயே வந்தார்கள். "சார், அடுத்த நாவல் எப்ப?"

"இனிமே இல்ல தம்பி. இருந்ததே என்னுது இல்ல" என்றார். பையன்கள் அதைத் தத்துவம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

என் முன்னால் நின்றார். "வேற இடம் பாக்கவாம்மா?"

"பாக்கறதும் பாக்காததும் உங்க இஷ்டம். உங்க டீயை நீங்களே போட்டுக்கங்க. யாராவது கேட்டா மாடியில இருக்கார்னுதான் சொல்வேன்."

தலையாட்டினார். கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பானால் ஸ்டூலை இழுத்துப் போட்டிருப்பேன். போடவில்லை. அவர் போனபிறகு ஸ்டூல் கண்ணிலேயே நின்றது.

ஜூலை 24

மகளிடம் கேட்டேவிட்டேன். "யார்கிட்டயாவது சொன்னியா?"

கேட்ட பிறகுதான் உறைத்தது. மாடிக்காரர் என்னிடம் கேட்ட அதே கேள்வி.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "உன் சரக்கு, உன் கடை. நான் எதுக்கு விக்கணும்?" என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். ஆனால் சொன்னாள்.

ஆகஸ்ட் 3

ஞாயிறு. பள்ளிக்கூட ஜன்னல்களுக்கு வெட்டு ஆரம்பம். வைரம் ஒரு கண்ணாடிகூட வீணாக்கவில்லை. அவனுக்கே ஆச்சரியம்.

பொழுது சாய்ந்து சாப்பிட உட்கார்ந்தோம். மகளின் ஃபோன் அடுத்த அறையில் அடித்துக்கொண்டே இருந்தது, எழுந்து போகவில்லை. இப்போதெல்லாம் அவள் வாயில் அந்தப் "போதும்மா" வருவதில்லை, நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாப்பிட்டு முடித்துவிட்டாள். விரலைக்கூட வழித்தாயிற்று. எழுந்திருப்பாள் என்று பார்த்தேன்.

எழுந்திருக்கவில்லை. தட்டை என் பக்கம் நீட்டினாள். முகத்தில் விளையாட்டு இல்லை.

"இன்னும் கொஞ்சம் போடும்மா."

வயிறு நிறைந்துதான் இருக்கும், எனக்குத் தெரியாதா. போட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.